தலைமாட்டில் ஆறு, கால்மாட்டில் ஐந்து

சேசு மரி சூசை துணை

நெய்வேலி, பிளாக் 21
11.8.2014, திங்கட்கிழமை

பெருமதிப்புக்குரிய மூத்த மச்சான் திரு. சூசைநாதன் அவர்களின் சமூகத்துக்கு,

தங்கள் தங்கையைக் கைப்பிடித்த அருள்நாதன் இரு கரம் கூப்பி எழுதிக்கொள்ளும் மடல். மாதாவின் தயவால் இங்கே நான் சௌக்கியம். நெல்லிக்குப்பத்தில் தாங்களும், அக்காவும், தங்கள் முழங்காலும், தங்கள் வீட்டில் இருபத்து மூன்று நாளாகத் தங்கியிருக்கும் என் மனைவி செசிலியாவும் சௌக்கியமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். கடைசியாகச் சொன்னவரின் சௌக்கியத்தை நான் தனியாக விசாரிக்கவில்லை. மரியாதைக்காகப் பட்டியலில் சேர்த்திருக்கிறேன், அவ்வளவுதான்.

போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். செசிலியாவுக்குப் போன் செய்தால் ஒரு மணி அடித்ததும் கட் ஆகிறது. தங்களுக்குச் செய்தால், "இருப்பா, பஸ்ல போய்க்கினு இருக்கேன், ஒண்ணும் கேக்கல" என்கிறீர்கள். இருபத்து மூன்று நாளாகத் தாங்கள் பஸ்ஸிலேயே இருப்பது அந்த முழங்காலுக்கு நல்லதல்ல மச்சான். மேலும், போனைப் பாதியில் வைத்துவிடலாம், கடிதத்தை அப்படிச் செய்ய முடியாது. மைன்ஸில் நிலக்கரி ஓடும் பெல்ட் செக்‌ஷனில் முப்பத்தோரு வருடமாக ஒவ்வொரு ஷிப்ட் முடிவிலும் நடந்ததை நடந்தபடி லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவன் நான். இதையும் அப்படியே எழுதுகிறேன். படித்துவிட்டுத் தாங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

தங்களுக்கு வந்து சேர்ந்திருக்கும் சேதி இதுதான்: "கல்யாணத்துக்கு எங்கண்ணன் வாங்கிப் போட்ட இரும்புக் கட்டில இந்த மனுசன் கழட்டிக் கொண்டுபோய் பஸ் ஸ்டாப்புல நட்டு வச்சிட்டாரு." இது உண்மை. நான் மறுக்கவில்லை. எண்பத்து ஆறாம் வருடம் தாங்கள் கரும்பு லாரியின் மேல் ஏற்றி, கூடவே உட்கார்ந்து கொண்டுவந்து இறக்கிய அந்தப் பச்சைக் கட்டில், தலைமாட்டில் நடுவே சிலுவை வைத்த கட்டில், இன்றைய தேதியில் 21ஆம் பிளாக் பஸ் ஸ்டாப்பில்தான் நிற்கிறது. தலைமாடு தனியாக, கால்மாடு தனியாக. ஆனால் அது அங்கே ஏன் போனது, போன இடத்தில் என்ன புகழோடு இருக்கிறது என்பதை உங்கள் தங்கை சொல்லியிருக்க மாட்டாள். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் பஸ் ஸ்டாப் தங்களுக்குத் தெரியும். நம் குவார்ட்டர்ஸ் வேலிக்கு நேர் எதிரே. அங்கே எந்தக் காலத்திலோ போட்ட சைக்கிள் ஸ்டாண்டு ஒன்று உண்டு, பன்னிரண்டு சைக்கிளுக்கு. இப்போது அதில் எட்டு மோட்டார் பைக் நிற்கிறது, மிச்ச இடத்தில் ஒரு மாடு. காலையில் முத்தாண்டிக்குப்பம் பக்கத்திலிருந்து கான்ட்ராக்ட் வேலைக்கு வருகிறவர்கள் இந்த ஸ்டாப் வரைக்கும் சைக்கிளில் வந்து, இங்கே சைக்கிளை விட்டுவிட்டு, வேன் ஏறி மைன்ஸுக்குப் போகிறார்கள். குறைந்தது நாற்பது சைக்கிள் வரும். எங்கே விடுவார்கள்? மரத்தில், லைட் கம்பத்தில், மாதா சிலை வைத்த கெபியின் சுவரில், நம் வேலியில் என்று எங்கெல்லாம் சாய்க்க முடியுமோ அங்கெல்லாம் சாய்ப்பார்கள். நம் பிளாக்கில் மட்டுமில்லை, ஆஸ்பத்திரி வாசலில் போய்ப் பாருங்கள், மார்க்கெட்டில் போய்ப் பாருங்கள், எல்லா இடத்திலும் இதே கூத்துதான். நானும் முதலில் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் சைக்கிள் என் வீட்டுக்குள் நிற்கிறது, எனக்கென்ன என்றுதான் இருந்தேன்.

வள்ளியம்மாள் என்று ஒரு பெண்மணி. மைன்ஸில் பெருக்கும் வேலை, கான்ட்ராக்ட். மகளுக்கு பிளஸ் ஒன்னில் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிளைத்தான் ஓட்டி வருகிறார், மகள் பாவம் காலேஜுக்கு பஸ்ஸில் போகிறாள். மே மாதம் ஒருநாள் யாரோ ஒரு புண்ணியவான் தன் சுவரில் சாய்த்திருந்த அந்த சைக்கிளைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிட்டான். முன்சக்கரம் எட்டு மாதிரி வளைந்துபோயிற்று. மறுநாள் அந்தம்மா நடந்து வந்தார், வேன் போய்விட்டது, ஆப்சென்ட். அதற்கு மறுநாளும் அப்படியே. "மூணாவது தடவ வந்தா வூட்டுக்குப் போய்க்கினே இரு" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். நம் வேலியோரம் நின்று, "சைக்கிள் நிறுத்த எடம் இல்லாம என் வேலய நிறுத்திடுவாங்க போல சார்" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சக்கரத்தை நானே எடுத்துப்போய்க் கோட்டம் எடுத்துக் கொடுத்தேன். ஆனால் சக்கரத்தைச் சரிசெய்தால் போதுமா, நாளைக்கு அதை எங்கே நிறுத்துவது? அன்றைக்கு முடிவெடுத்தேன் மச்சான். இந்த ஊரில் பிளாக்குக்கு பிளாக் புது சைக்கிள் ஸ்டாண்டு வராமல் ஓயமாட்டான் அருள்நாதன்.

உடனே மனு எழுதினேன், ஆபீஸுக்கு ஒன்று, பிளாக் நலச்சங்கத்துக்கு ஒன்று. இங்கேதான் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது, கவனமாகப் படியுங்கள். முப்பத்தோரு வருடமாக ஸ்டோருக்கு நான் சீட்டு எழுதுகிறேன். "ரோலர் - 6." "போல்ட் - 200." சுருக்கமாக, தெளிவாக, வளவளவென்று இல்லாமல். அதே பழக்கத்தில் மனுவிலும் எழுதினேன்: "தேவை: சைக்கிள் ஸ்டாண்டு - 40." இதில் என்ன தப்பு என்று இன்றைக்கும் கேட்கிறேன். நாற்பது சைக்கிள் நிற்கும் ஸ்டாண்டு என்று சின்னக் குழந்தைக்கும் புரியும்.

நலச்சங்கச் செயலாளர் நெடுமாறனுக்குப் புரியவில்லை. இந்த நெடுமாறன் இருக்கிறாரே, நல்ல மனிதர்தான், ஆனால் எதையும் மைக்கைப் பிடித்தால்தான் யோசிப்பார். பதினைந்தே நாளில் ஓடிவந்து, "சார், பண்ருட்டியில ஒரு பார்ட்டி புடிச்சிட்டேன். நாப்பதும் இலவசம். விழா வச்சிருவோம்" என்றார். சைக்கிள் உதிரிபாகம் மொத்த வியாபாரம் செய்கிற தனகோட்டி என்பவர்தான் அந்தப் பார்ட்டி. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பந்தல் போட்டோம். செசிலியா முதல் வரிசையில் பட்டுச்சேலையில் உட்கார்ந்திருந்தாள். தனகோட்டிக்குப் பொன்னாடை போர்த்தினோம். "நாற்பது ஸ்டாண்டு நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்" என்று மூன்று காப்பியில் என்னிடம் கையெழுத்து வாங்கினார் நெடுமாறன். சங்கத்துக்கு ஒன்று, வள்ளலுக்கு ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று. அதற்கப்புறம்தான் ரிப்பன் கட்டிய ஒரு சாக்கு மூட்டையை மேடைக்குத் தூக்கி வந்தார்கள். ஸ்டாண்டு எப்படி மூட்டையில் வரும் என்று அப்போதே எனக்கு லேசாகச் சுருக்கென்றது. பிரித்தார்கள். உள்ளே நாற்பது ஸ்டாண்டு. சைக்கிளின் பின்சக்கரத்துப் பக்கம் மாட்டி, காலால் தட்டிவிடுகிறோமே, அந்த ஸ்டாண்டு.

தனகோட்டி என் தோளைத் தட்டி, "எல்லாம் புது மாலு சார். ஒண்ணுகூட வளையாது, நான் கேரண்டி" என்றார். நெடுமாறன் மைக்கில், "ஸ்டாண்டு கேட்டார் நம் அருள்நாதன்! ஸ்டாண்டு வந்துவிட்டது!" என்று முழங்கினார், ஜனம் கைதட்டியது. முதல் வரிசையில் ஒரே ஒருத்தி மட்டும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். யார் என்று நான் எழுதத் தேவையில்லை. நன்றியுரை வேறு என் தலையில்.

இதில் சோர்ந்து போகிறவன் நான் இல்லை. வந்தது வந்தாயிற்று என்று ஸ்பேனரை எடுத்தேன், இரண்டு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் உட்கார்ந்து நாற்பது சைக்கிளுக்கும் அந்த ஸ்டாண்டைப் பூட்டிக் கொடுத்தேன். அதுவரைக்கும் சாய்வதற்கு ஒரு மரமோ சுவரோ தேடிக்கொண்டிருந்த சைக்கிள்கள் இப்போது எங்கே வேண்டுமானாலும் தானாக நிற்கக் கற்றுக்கொண்டுவிட்டன மச்சான். அதனால் எங்கே வேண்டுமானாலும் நின்றன, ரோட்டு நடுவில், பஸ் திரும்புகிற இடத்தில், பால் பூத்துக்கு முன்னால் வரிசையாக. ஜூலை முதல் வாரம் கான்ட்ராக்ட் வேன் ஒன்று வளைக்கும்போது அதன் கண்ணாடி ஒரே ஒரு கைப்பிடியில் லேசாகப் பட்டது. முதல் சைக்கிள் சாய்ந்தது. அது இரண்டாவதைச் சாய்த்தது. டக் டக் டக் என்று நாற்பதும் சாய்ந்து, கடைசி பத்து நம் வேலியையும் இழுத்துக்கொண்டு போய், செசிலியாவின் கனகாம்பரப் பாத்தி மேலும், காய்க்க ஆரம்பித்திருந்த தக்காளி மேலும் படுத்துக்கொண்டன. அவள் கரண்டியோடு வெளியே வந்தாள். பார்த்தாள். "எங்கியோ தேமேன்னு சாஞ்சிக்கினு இருந்ததெல்லாம் நிக்க வச்சது யாரு? நீங்கதான?" என்று கேட்டாள். நான் லாக் புக்கில் எழுதுகிற மாதிரி நேர்மையாக ஆமாம் என்று சொன்னேன். அன்றைக்கு ரசத்தில் உப்பு இல்லை.

இனி கட்டில் விஷயம். ஜூலை 18, வெள்ளிக்கிழமை. ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து வந்து, சாப்பிட்டு, அந்தக் கட்டிலில்தான் படுத்தேன். புரண்டு படுக்கும்போது என் வலது கால் கால்மாட்டுக் கம்பி இரண்டுக்கு நடுவில் நுழைந்து மாட்டிக்கொண்டது. இழுத்தால் வரவில்லை. ஆட்டினால் ஆடவில்லை. அப்படியே படுத்தபடி யோசித்தேன். கால் நுழைந்து இப்படி அசையாமல் நிற்கிறதென்றால், சக்கரம் நுழைந்தால் நிற்காதா? தேங்காய் எண்ணெய் போட்டுக் காலை உருவிக்கொண்டு, வெளியே போய் என் சைக்கிளைப் படுக்கையறைக்கே தள்ளி வந்தேன். முன்சக்கரத்தைச் செருகினேன். கச்சிதமாக நின்றது. ஸ்டாண்டு கம்பெனிக்காரன் அளவெடுத்துச் செய்ததுபோல் நின்றது! தாங்கள் கட்டில் வாங்கியபோது இதையெல்லாம் யோசித்துத்தான் வாங்கினீர்களோ என்று எனக்குச் சந்தேகமே வந்துவிட்டது. செசிலியா சாயங்காலப் பூசைக்குப் போயிருந்தாள். இது ஒரு மாதிரிதானே, நாலு நாள் நட்டு வைத்து அதிகாரிகளுக்குக் காட்டிவிட்டு எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். நான்கு போல்ட், பத்து நிமிடம். பஸ் ஸ்டாப்பில் நின்ற இரண்டு பேரைக் கூப்பிட்டேன், கடப்பாரை போட்டு ஒரு அடிக் குழி எடுத்து, தலைமாட்டை ஒரு பக்கம், கால்மாட்டை ஒரு பக்கம் நட்டோம். கைப்பிடி இடிக்காமல் ஒரு சைக்கிள் இந்தப் பக்கத்திலிருந்து, அடுத்தது அந்தப் பக்கத்திலிருந்து. தலைமாட்டில் ஆறு, கால்மாட்டில் ஐந்து. மொத்தம் பதினொன்று. ஒன்றுகூட அசையவில்லை.

செசிலியா பூசை முடிந்து நாலு பெண்களோடு அந்த வழியாகத்தான் வந்தாள். அந்தச் சிலுவையைப் பார்த்து ஒருத்தி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாளாம். செசிலியாவுக்கு அப்புறம்தான் அது யார் வீட்டுச் சிலுவை என்று உறைத்திருக்கிறது. வீட்டுக்கு வந்து கத்துவாள் என்று நான் எல்லாப் பதிலையும் தயார் செய்து வைத்திருந்தேன். கத்தவில்லை. பெட்டியை எடுத்துத் துணி அடுக்கினாள். "கட்டில் இந்த வூட்டுக்கு வர்ற அன்னைக்கு நானும் வரேன். அது வரைக்கும் நீங்களும் உங்க ஸ்டாண்டும் சௌக்கியமா இருங்க" என்றாள். மறுநாள் காலையில் அதே பஸ் ஸ்டாப்பில், தன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருபது நிமிடம் பஸ்ஸுக்கு நின்றாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் வள்ளியம்மாளின் சைக்கிள் சரியாகச் செருகாமல் சாய்ந்து இருந்தது, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதை நிமிர்த்திச் செருகிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

சரி, போனது போகட்டும். கட்டிலின் புகழைக் கேளுங்கள். மூன்றே நாளில் அது ஊர் வழக்காகிவிட்டது. "அண்ணே, கால்மாட்டுல எடம் இருக்கா?" "இல்லமா, தலமாட்டுல ஒண்ணு காலி, சீக்கிரம் வா." காலையில் நம் வீட்டு ஜன்னல் வழியாக இந்தப் பேச்சுதான். வள்ளியம்மாள் எப்போதும் சிலுவைக்குப் பக்கத்துச் சந்தில்தான் விடுவார். "எந்த சாமியா இருந்தா என்னா சார், காவல் இருந்தா சரி" என்பார். மூன்றாவது ஆப்சென்ட் அவருக்கு இன்றுவரை விழவில்லை. அதை லாக் புக்கில் தடித்த எழுத்தில் எழுதலாம். இதற்கு நடுவில் நெடுமாறன் மறுபடியும் மைக்கைப் பிடித்தார். பெர்மனென்ட் தொழிலாளர்கள் தலைமாட்டிலும் கான்ட்ராக்ட் தொழிலாளர்கள் கால்மாட்டிலும் விட்டால் ஒழுங்காக இருக்குமே என்று ஒரு யோசனை. எனக்கு வந்ததே கோபம்! கூட்டத்தில் எழுந்து, "இது என் கட்டில். என் கட்டிலில் யார் தலைமாடு, யார் கால்மாடு என்பதை நான்தான் முடிவு செய்வேன்" என்று சத்தமாகச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் எல்லோரும் ஏன் சிரிக்கிறார்கள் என்று புரிந்தது. இருந்தாலும் அந்த யோசனை அத்தோடு செத்தது.

தனியாக இருந்து நான் வாடுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். கேன்டீனில் நன்றாகச் சாப்பிடுகிறேன். தரையில் பாய் போட்டுப் படுக்கிறேன், முதுகு பலகை மாதிரி நேராக இருக்கிறது. கனகாம்பரத்துக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன், மிதிபட்டதில் பாதி பிழைத்துவிட்டது. தக்காளிக்கு நான் பொறுப்பில்லை. நாலு நாள் மாதிரிக்கு என்று நட்ட கட்டிலை ஏன் இன்னும் பிடுங்கவில்லை என்று தாங்கள் கேட்பது எனக்குக் காதில் விழுகிறது. பிடுங்கப் போனேன் மச்சான். கடப்பாரையோடு போனேன். போனால் பதினொரு சைக்கிள் நிற்கிறது, பூட்டி. எந்த சைக்கிளை எடுத்து எந்தச் சாக்கடையில் போடுவேன் சொல்லுங்கள். வீட்டைப் பார்ப்பதா பஸ் ஸ்டாப்பைப் பார்ப்பதா என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

ஆனால் உழைப்பு வீண் போகவில்லை! மொத்தம் பதினொரு மனு போட்டேன், படம் வரைந்து அளவோடு அனுப்பினேன். படத்துக்கு "செசிலியா மாடல்" என்று பெயர் வைத்தேன், அது வேறு விஷயம். ஜூலை 30ஆம் தேதி பெரிய அதிகாரி ஒருவரே ஜீப்பில் வந்து இறங்கினார். கட்டிலைச் சுற்றி வந்தார். "இது யாரோட கட்டில்?" என்றார். "என்னுடையதுதான் சார்" என்றேன் நெஞ்சை நிமிர்த்தி. என்னை மேலும் கீழும் பார்த்தார், சிரித்தார், நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டார். நாலே நாளில் உத்தரவு வந்துவிட்டது மச்சான்! நம் பஸ் ஸ்டாப்பில் நாற்பது சைக்கிள் நிற்கும் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று, மார்க்கெட்டில் ஒன்று, இன்னும் மூன்று பிளாக்கில். ஒர்க் ஷாப்பில் வெல்டிங் நடந்துகொண்டிருக்கிறது, நான் போய்ப் பார்த்தேன், தீப்பொறி பறக்கிறது. ஒரு தனி மனிதன் விடாமல் மனு எழுதினால் என்ன நடக்கும் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? உத்தரவின் காப்பியை இத்துடன் இணைத்திருக்கிறேன். தங்கையிடம் சத்தமாகப் படித்துக் காட்டவும்.

14ஆம் தேதி புது ஸ்டாண்டு நடுகிறார்கள், அன்றைக்கே கட்டில் வீட்டுக்கு வந்துவிடும். பச்சைப் பெயின்ட் வாங்கி வைத்திருக்கிறேன். 15ஆம் தேதி மாதா திருநாள் பூசை முடிந்து, கொடியேற்றமும் முடிந்து, ஃபாதர் மந்திரித்துத் திறந்து வைக்கிறார். ரிப்பன் வெட்டுவது திருமதி செசிலியா அருள்நாதன் என்று நோட்டீஸ் அடித்தாயிற்று. ஆகவே அவளைத் தாங்கள் அழைத்து வந்து விட வேண்டியது ஒரு பொதுக் காரியம். இது கெஞ்சல் அல்ல, தகவல். கட்டில் வந்தால் வருவேன் என்று சொன்னது அவள், கட்டில் வருகிறது, நான் ஜெயித்திருக்கிறேன், அவளும் பெருந்தன்மையோடு வரலாம். வராவிட்டாலும் நெடுமாறன் மனைவியை வைத்து வெட்டிக்கொள்ள எனக்குத் தெரியும்.

அக்காவுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தம். சகாய மாதா தங்கள் குடும்பத்துக்கும் முழங்காலுக்கும் எல்லா நன்மையும் அருளட்டும்.

என்றும் தங்கள் அன்பை மறவாத,
ச. அருள்நாதன்

பி.கு.: மச்சான், மேலே எழுதியதில் பாதிக்கு மேல் தப்பு. கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்று பார்த்தேன், கை வரவில்லை. உத்தரவின் காப்பியை இணைத்திருக்கிறேன் என்று எழுதினேன் இல்லையா, எழுதிய பிறகுதான் அதை வாங்க ஆபீஸுக்குப் போனேன். அங்கே சந்திரகலா என்று ஒரு கிளார்க்கம்மா. என் பெயரைச் சொன்னதும், "ஸ்டாண்டு ஃபைலா சார்? அது ஜூன் மாசமே முடிஞ்சிபோச்சே. நாப்பது ஸ்டாண்டு நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்னு நீங்கதான கையெழுத்து போட்டு அனுப்பினீங்க. அப்புறம் வந்த மனுவெல்லாம் அது பின்னாலயே கோத்து வச்சிருக்கோம்" என்கிறார். அப்படியென்றால் உத்தரவு எப்படி வந்தது என்றேன். "அது கட்டில் ஃபைல் சார்" என்று வேறொன்றை எடுத்துப் போட்டார். பிரித்தேன். முதல் தாளில் உங்கள் தங்கையின் கையெழுத்து. தேதி ஜூலை 22. நெல்லிக்குப்பம். சந்திரகலா அம்மாவிடம் கேட்டு அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன்:

"ஐயா, 21ஆம் பிளாக் பஸ் ஸ்டாப்பில் நிற்பது எனது கட்டில். அது எனக்குத் திரும்ப வேண்டும். ஆனால் இப்போது எடுத்தால் பதினொரு பேர் சைக்கிள் வைக்க இடம் இல்லாமல் கஷ்டப்படுவார்கள். வள்ளியம்மாள் என்பவருக்கு வேலையே போய்விடும். ஆகையால் முன்சக்கரத்தைச் செருகி நிறுத்துகிற மாதிரி இரும்புக் கம்பி வரிசை ஒன்று நாற்பது சைக்கிள் நிற்கும் அளவுக்கு முதலில் போட்டுவிட்டு, பிறகு கட்டிலை எடுத்து வீட்டில் சேர்க்கவும். ஆஸ்பத்திரி, மார்க்கெட்டிலும் இதே கஷ்டம் இருப்பதை நேரில் வந்து பார்க்கவும். என் வீட்டுக்காரருக்கு முதுகெலும்பில் தேய்மானம். தரையில் படுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் சொன்னால் கேட்க மாட்டார். சீக்கிரம் செய்யவும்."

ஸ்டாண்டு என்ற வார்த்தையே அதில் இல்லை மச்சான். நான் பதினொரு மனுவில் சொல்ல முடியாததை ஒரே தாளில் சொல்லிட்டா. கவர்மேல விலாசம் எழுதினது நீங்க, அந்தக் கோழிக் கிறுக்கல் எனக்குத் தெரியாதா? நீங்க பஸ்ல போய்க்கினு இருந்தது இந்த வேலைக்குத்தானா? முதுகு பலகை மாதிரி இருக்குன்னு எழுதினதும் பொய். நாலு நாளா நிமிர முடியல. ரிப்பனை நெடுமாறன் சம்சாரம் வெட்டுவான்னு எழுதினதை அடிச்சிடுங்க.

இதைத் தபால்ல போட்டா மூணு நாள் ஆகும். என்னால மூணு நாள் இருக்க முடியாது. அதனால நானே கொண்டாந்து உங்க கையில குடுத்திருக்கேன். நீங்க இந்த வரியைப் படிக்கும்போது நான் உங்க வாசல்ல, செருப்பைக்கூடக் கழட்டாம நின்னுக்கினுதான் இருக்கேன். எனக்குக் கூப்பிட வாய் வரல. நீங்களே உள்ள பாத்து அவளை ஒரு தடவை கூப்பிடுங்க மச்சான்.